ஈசூன்ல ஒரு மீன் கடை: விக்கறதுக்கு முன்னாடி "வேணாம்"னு சொல்ற அங்கிள்

சிங்கப்பூர்ல ஈசூன் பக்கம் வீட்ல தொட்டி மீன் வளக்குறவங்க யாராவது இருந்தா இத கண்டிப்பா படிங்க. இந்த கடைய பத்தி எழுதணும்னு ரெண்டு மாசமா நெனச்சுக்கிட்டே இருந்தேன், வேலை, புள்ளைங்க பரீட்சைன்னு தள்ளிக்கிட்டே போயிடுச்சு. எங்க பிளாக்குல இருந்து அஞ்சு நிமிஷ நடை, காப்பி கடைக்கும் முடிவெட்டுற கடைக்கும் நடுவுல ஒரு ஒத்த கடை, வாசல்ல நீல கலர் பிளாஸ்டிக் கூடை அடுக்கி இருக்கும், உள்ள ரெண்டு பக்கமும் தரையில இருந்து தலைக்கு மேல வரைக்கும் தொட்டிதான், நடுவுல ஒரு ஆள் தாராளமா நடக்கலாம், ரெண்டு பேர்னா ஒருத்தர் ஒதுங்கி நிக்கணும். பேர் போடல. எழுதப் போறேன்னு கடைக்கார அங்கிள் கிட்ட சொன்னப்போ "பேர் போடாத, கூட்டம் வந்தா ஒவ்வொருத்தர் கிட்டயும் நின்னு பேச முடியாது"ன்னுட்டாரு. பேசாம ஒரு மீன் கூட விக்க மாட்டாரு அவரு, அதான் விஷயமே.

அஞ்சுக்கு நாலரை குடுப்பேன்.

நான் அங்க எப்படி போய் சேந்தேன்னு சொன்னாத்தான் மத்தது புரியும். மூணு வருஷம் முன்னாடி பொண்ணு பிறந்தநாளுக்கு ஒரு மால்ல இருக்குற கடையில ரெண்டடி தொட்டி, பத்து கப்பி, கூடவே ஒரு சக்கர் ஃபிஷ் வாங்குனோம். சக்கர் ஆள்காட்டி விரல் நீளம்தான் இருந்துச்சு, வெல 3 வெள்ளி (டாலர்). "அழுக்கெல்லாம் இதுவே தின்னுடும், தனியா சாப்பாடு போட வேணாம், தொட்டி கழுவுற வேலையும் மிச்சம்"னு அந்த கடைக்காரர் சொன்னாரு, நாங்களும் நம்பிட்டோம். அது எவ்வளவு பெருசா வளரும்னு அவரும் சொல்லல, நாங்களும் கேக்கல. சின்னதா இருக்கறப்போ பாசி தின்னும், அது நெஜம்தான், ஆனா வளர வளர அதுக்கு வெள்ளரிக்கா வேணும், தனி தீனி வேணும், அது தின்னுற அழுக்க விட அது போடுற அழுக்குதான் ஜாஸ்தி. மூணு வருஷத்துல ஒரு அடிக்கு மேல வந்துடுச்சு. ராத்திரி லைட்ட அணைச்ச பிறகு தொட்டி மூடியில டொம்மு டொம்முனு முட்டும், ஹால்ல படுத்திருக்குற என் மாமியார் எழுந்து உக்காந்துடுவாங்க. திரும்பக் கூட இடம் இல்லாம அது ஒரே பக்கமா பாத்துக்கிட்டு கெடக்குறத பாத்து அவங்களுக்கு மனசு தாங்கல. "பாவம்மா அது, ஜெயில்ல போட்ட மாதிரி இருக்கு, அந்த ஏரியில கொண்டு போய் விட்டுடுங்க, தண்ணியில பொறந்தது தண்ணியிலயே போய் பொழைச்சுக்கட்டும், புண்ணியமா போகும்"னு ஒரு வாரமா சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

ஏரின்னு அவங்க சொல்றது லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கம். ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானும் அவரும் சக்கர பெரிய வாளியில போட்டு, மேல ஒரு தட்டு மூடி, கார்ல வச்சு அங்க கொண்டே போயிட்டோம். இத எழுதவே எனக்கு கஷ்டமா இருக்கு, ஆனா மறைக்க விரும்பல, ஏன்னா என்ன மாதிரி நல்லது செய்யறோம்னு நெனச்சு வாளியோட போறவங்கதான் நெறைய பேரு. மீன் பிடிக்கிற இடத்துக்கிட்ட தண்ணி ஓரமா வாளிய எறக்கி வச்சோம், அங்க தூண்டில் போட்டுக்கிட்டு இருந்த ஒரு மலாய் பாக்சிக் (பெரியவர்) வாளிக்குள்ள எட்டி பாத்துட்டு, "காக், ஜாங்கான் புவாங் டி சினி"ன்னாரு. அக்கா, இங்க விடாதீங்கன்னு. சத்தமா திட்டல, மெதுவாத்தான் சொன்னாரு, எனக்கு முகமே சுருங்கிப் போச்சு.

அவரு அப்பதான் பிடிச்ச மீன காட்டுனாரு. பச்சையும் மஞ்சளுமா, உடம்புல கறுப்பு பட்டை, வால்ல தங்க வளையம் போட்ட மாதிரி ஒரு கறுப்பு கண்ணு, பாக்க அவ்வளவு அழகு. பீகாக் பாஸ். தென் அமெரிக்கா மீன், நம்ம ஊர் தண்ணியில அதுக்கு என்ன வேலை, யாரோ கொண்டாந்து விட்டதுதான். வாய திறந்து காட்டுனாரு, அந்த வாய்க்குள்ள ஒரு சின்ன மீன் முழுசா போயிடும். "நான் சின்ன பையனா இருந்தப்போ இந்த பக்கம் ஹாருவான், செப்பாட், புயுன்னு நம்ம ஊர் மீனெல்லாம் பிடிப்பேன், இப்போ நான் தூக்குறது முக்காவாசி இந்த மாதிரி வெளியூர் மீன்தான்"னாரு. அவர்தான் இந்த கடைய சொன்னாரு, அந்த தௌக்கே (கடை முதலாளி) பழைய மீன திரும்ப எடுத்துக்குவாரு, போய் கேளுங்கன்னு.

வீட்டுக்கு திரும்பி வர்ற வழியெல்லாம் எனக்கு எங்கப்பா ஞாபகம்தான். செம்பவாங் கப்பல் பட்டறையில வேலை பாத்தவரு, நாங்க கம்பத்துல (கிராமத்துல) இருந்த காலத்துல மழை விட்டதும் வாளிய எடுத்துக்கிட்டு கிளம்பிடுவாரு, விரால், கெளுத்தி, பனையேறின்னு ஏதாவது கொண்டு வருவாரு. தம்பி பொறந்தப்போ அம்மாவுக்கு ஆபரேஷன், காயம் ஆறணும்னு விரால் சூப் வச்சு குடுத்தது அப்பாதான், அந்த விரால் கடையில வாங்குனது இல்ல, கம்பத்து பின்னாடி இருந்த ஓடையில பிடிச்சது. இந்த லோயர் சிலேத்தாரே அப்போ நீர்த்தேக்கம் கிடையாது, ஆத்து முகத்துவாரமா இருந்தத அணை கட்டி 1986ல தான் நீர்த்தேக்கமா ஆக்குனாங்க. அப்பா இருந்திருந்தா அந்த வாளிய நான் தூக்கியே இருக்க மாட்டேன்.

சரி, கடைக்கு வர்றேன். மறுநாளே அதே வாளியோட போனேன். கடையில வேலை செய்யறது ஒரு தமிழ் தம்பி, ஜோகூர் பாருல இருந்து தினமும் பாலத்த தாண்டி வர்றவரு. வாளிய பாத்ததும் "அக்கா, பந்தரயா மீனா?"ன்னு கேட்டாரு. அவங்க ஊர்ல சக்கருக்கு இக்கான் பந்தரயான்னு பேராம், பந்தரயான்னா மாநகரம், மாநகராட்சி ஆளுங்க மாதிரி ஊர் அழுக்க கூட்டுற மீன்னு அர்த்தத்துல வச்சிருக்காங்க. மலேசியா ஆறுகள்ல இப்போ அதுதான் மூட்டை மூட்டையா வலையில வருதுன்னாரு. நான் வலை எடுப்பாருன்னு பாத்தா ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவ எடுத்தாரு. ஏன்னா இந்த மீன் பயந்தா பக்கத்து துடுப்புல இருக்குற முள்ள விறைப்பா நீட்டி பூட்டிக்குமாம், வலையில மாட்டுச்சுன்னா எடுக்கவே முடியாது, வலைய வெட்டணும், இல்லன்னா மீனுக்கு காயம். டப்பாவ தண்ணிக்குள்ள சாய்ச்சு வச்சு, பின்னாடி இருந்து கையால மெதுவா தள்ளி உள்ள அனுப்புனாரு. அப்போ என்னையும் தொட்டு பாக்க சொன்னாரு, செதில் மாதிரியே இல்ல, கவசம், உப்புத்தாள் தேய்ச்ச மாதிரி சொர சொரன்னு இருக்கு. "இந்த உடம்ப எந்த மீன் அக்கா கடிச்சு திங்கும்? அதான் போற எடமெல்லாம் பெருகுது. கரையில வேற வளை தோண்டி முட்டை போடும், மண்ணு சரிஞ்சு விழும்"னாரு. மூணு வருஷம் வீட்ல வளத்தேன், இந்த ஒரு விஷயம் கூட எனக்கு தெரியாது.

திரும்ப எடுத்துக்க காசு கேக்கல, காசு குடுக்கவும் இல்ல. ஒரு நோட்டுல என்ன மீன், எத்தன வருஷம் வளத்தோம், வியாதி ஏதாவது வந்துச்சா, என்ன மருந்து போட்டோம், எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க. ரெண்டு வாரம் தனி தொட்டியில வச்சிருப்பாங்க, நோய் இல்லன்னு தெரிஞ்ச பிறகு பெரிய தொட்டி வச்சிருக்குற யாருக்காவது குடுப்பாங்க. யாரும் கெடைக்கலன்னா? கேட்டேன். அங்கிள் நேராவே சொன்னாரு, கடையிலயே வச்சிருப்பேன், ரொம்ப நோயா இருந்தா கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணியில தூங்க வச்சு முடிச்சிடுவேன், ஆத்துல மட்டும் விட மாட்டேன்னு. கேக்க கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா மழுப்பாம பதில் சொன்னாரு பாருங்க, அதுல எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு.

இந்த கடையில எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. குட்டி மீன் இருக்குற தொட்டிக்கு நேர் கீழ அதோட வளந்த மீன் இருக்கும். மேல் தட்டுல விரல் நீள சக்கர், கீழ் தட்டுல முழங்கை நீள சக்கர். மேல குட்டி ஆஸ்கர், கீழ சாப்பாட்டு தட்டு அளவு ஆஸ்கர். எல்லாமே யாராவது வளக்க முடியாம திரும்ப குடுத்ததுதான். சின்ன புள்ளைங்க மேல இருக்குறத காட்டி அது வேணும்னு கேட்டா அங்கிள் ஒண்ணுமே பேசாம குனிஞ்சு கீழ காட்டுவாரு. என் மகன் அப்படியே வாய பொளந்து நின்னான். அப்புறம்தான் கேப்பாரு, தொட்டி எத்தன அடி, வீட்ல யாரு தண்ணி மாத்துவா, லீவுக்கு ஊருக்கு போனா யாரு பாத்துக்குவா. பதில் சரியில்லன்னா "இப்ப வேணாம்"னுவாரு, வியாபாரம் போச்சேன்னு அவருக்கு கவலையே கெடையாது. அலங்கார மீன் ஏற்றுமதியில உலகத்துலயே முன்னாடி நிக்கிற ஊர்கள்ல ஒண்ணு நம்ம சிங்கப்பூர், எந்த கண்டத்து மீன் கேட்டாலும் இங்க கெடைக்கும், கைக்கு எட்டுற வெலையில கெடைக்கும், அப்படி இருக்குற ஊர்ல விக்கிறவங்க ஒரு வார்த்தை முன்னாடியே சொன்னா எவ்வளவு வாளி நீர்த்தேக்கத்துக்கு போகாம இருக்கும்.

லோ ஹான் மோகத்த ஞாபகம் இருக்கா? 2000 தாண்டுன புதுசுல, நெத்தியில புடைப்பு வச்ச மீன், உடம்புல இருக்குற புள்ளிய பாத்து லாட்டரிக்கு நம்பர் எடுப்பாங்க, ஆபீஸ்ல, கடையில, வீட்டு ஹால்ல எங்க பாத்தாலும் அதான். மோகம் தீந்ததும் எத்தனையோ லோ ஹான் கால்வாயிலயும் நீர்த்தேக்கத்துலயும் போய் விழுந்துச்சு. அங்கிள் அந்த காலத்துல அத நெறைய வித்தவரு. "அப்ப நான் யாருக்கும் எதுவும் சொல்லல"ன்னு சொல்லிட்டு கொஞ்ச நேரம் தொட்டி கண்ணாடியவே தொடைச்சுக்கிட்டு இருந்தாரு. இப்ப ஏன் ஒவ்வொருத்தர் கிட்டயும் இவ்வளவு பேசறாருன்னு எனக்கு அப்போ புரிஞ்சுது.

ஒரு சனிக்கிழமை கடையில கூட்டம் இல்ல, நான் கேட்டேன், நீர்த்தேக்கத்துலதான் ஏற்கனவே பூரா வெளியூர் மீனா இருக்கே, இன்னும் ஒண்ணு போனா என்ன ஆகிடும்னு. அதுக்கு அங்கிளும் தம்பியும் மாத்தி மாத்தி விளக்குனத சுருக்கமா சொல்றேன். நம்ம ஊர்ல இயற்கையாவே உள்ள மீன்கள் முக்கால்வாசி காட்டு ஓடையில வாழப் பழகுனது. மரம் மூடுன நிழல், இலை ஊறி தேத்தண்ணி கலர்ல இருக்குற லேசான புளிப்பு தண்ணி, மெதுவான ஓட்டம். நாம ஆத்த மறிச்சு நீர்த்தேக்கம் கட்டுனதும் அது வெயில் படுற, அசையாத, பெரிய தண்ணியா ஆயிடுச்சு, அதுல இந்த மீன்களுக்கு வாழ தெரியல, ஆனா தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா சிக்லிட் மீனுக்கெல்லாம் அது நல்லா ஒத்துப் போச்சு. ஜப்பான்காரன் காலத்துலயே திலாப்பியா வந்தாச்சு, அதுக்கு மேல பீகாக் பாஸ், ஆஸ்திரேலியா சிவப்பு கொடுக்கு கிரேஃபிஷ், அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்துல அமேசான் திருக்கை குட்டி போட்டு பெருகியே இருக்கு, வால்ல விஷ முள்ளு உள்ளது. இந்த சிவப்பு காது ஆமையும் அப்படித்தான், உள்ளங்கைக்குள்ள அடங்குற குட்டியா வாங்குவாங்க, அது இருபது முப்பது வருஷம் உயிரோட இருக்கும், சாப்பாட்டு தட்டு அளவு வரும். நீர்த்தேக்கமும் காட்டு ஓடையும் தனித்தனியா பூட்டு போட்டு வச்சது கெடையாது. நாம விடுற மீனோ நோயோ அங்க வரைக்கும் ஏறிப் போயிட்டா அதுக்கப்புறம் அத பிடிச்சு எடுக்கவே முடியாது.

அந்த காட்டு ஓடை எங்க இருக்கு தெரியுமா, நம்ம பக்கத்துலயேதான். நீ சூன் சதுப்பு காடு. நீ சூன்ங்குற அதே பேர்தான் மாண்டரின்ல ஈசூன் ஆச்சு. சிங்கப்பூர்ல மிச்சம் இருக்குற ஒரே ஆதி நன்னீர் சதுப்பு காடு அது, நம்ம ஊர் நன்னீர் மீன் வகைகள்ல சுமார் பாதி அங்க இருக்கு. பொதுமக்கள் சும்மா உள்ள போய் பாக்க முடியாது, அதனால அப்படி ஒண்ணு இருக்கறதே நெறைய பேருக்கு தெரியல. இருபது வருஷமா ஈசூன்ல இருக்கேன், எனக்கே ஒரு மீன் கடையில நின்னுதான் தெரிஞ்சுது. அதே மாதிரி சிங்கப்பூர் நன்னீர் நண்டுன்னு ஒண்ணு, ரெண்டு விரல் அகலம் கூட வராது, உலகத்துலயே நம்ம ஊர்ல மட்டும்தான் இருக்கு, புக்கிட் தீமா பக்கத்து ஓடைகள்ல. 1986ல தான் அதுக்கு அறிவியல் பேரே வச்சாங்க. முதல்ல கண்டுபிடிச்ச ஓடையிலயே அது காணாமப் போயிடுச்சு, தண்ணி புளிப்பு ஏறுனதால இருக்கலாம்னு சொல்றாங்க, இப்ப ஆராய்ச்சியாளருங்க தொட்டியில வச்சு குஞ்சு பொரிக்க வச்சு காப்பாத்த பாக்குறாங்க. ஓடை தண்ணி கொஞ்சம் மாறுனாலே போதும் ஒரு உயிர் போறதுக்கு.

அதனாலதான் தொட்டி தண்ணிய எங்க ஊத்துறோம்ங்குறது வரைக்கும் இந்த கடையில சொல்லி அனுப்புறாங்க. நான் எப்பவும் காரிடார்ல இருக்குற லோங்காங்லதான் (வடிகால்) ஊத்துவேன், கிட்டத்துல இருக்கேன்னு. அது மழை தண்ணி போற வழி. நம்ம ஊர்ல மழை தண்ணிக்கு தனி வழி, கழிவு தண்ணிக்கு தனி வழி. லோங்காங்ல ஊத்துனது கால்வாய் வழியா அப்படியே போய் நீர்த்தேக்கத்துல சேரும், சிங்கப்பூர் நிலத்துல மூணுல ரெண்டு பங்கு நீர்ப்பிடிப்பு பகுதி, 17 நீர்த்தேக்கம் இருக்கு, நாம குடிக்கிற தண்ணியில ஒரு பங்கு அதுல இருந்துதானே வருது. வெள்ளை புள்ளி நோய்க்கு போட்ட நீல மருந்து, மீன் கழிவு, கூட ரெண்டு நத்தை முட்டை, எல்லாத்தையும் நான் மாசா மாசம் அங்க அனுப்பிக்கிட்டு இருந்திருக்கேன். இப்போ கழிவறையில ஊத்துறேன், அது சுத்திகரிப்பு ஆலைக்கு போயிடும். வேண்டாத செடிய பையில கட்டி குப்பையில போடணும், கால்வாயில எறியக் கூடாது, ஒரு சின்ன துண்டு போதும் அது திரும்ப முளைக்க.

செடி வாங்குனப்போ தம்பி ஒவ்வொரு தண்டையும் லைட்டுக்கு நேரா திருப்பி திருப்பி பாத்துட்டு, ஒரு இலைக்கு அடியில இருந்த நத்தை குஞ்ச நகத்தால சுரண்டி எடுத்தாரு. ஆப்பிள் நத்தை. அதோட முட்டை பளிச்சுனு ரோஸ் கலர்ல, தண்ணிக்கு மேல தண்டுலயும் சுவர்லயும் கொத்தா ஒட்டியிருக்கும், கால்வாய் ஓரமா நீங்க கண்டிப்பா பாத்திருப்பீங்க, நான் ஏதோ பூச்சி முட்டைன்னு நெனச்சிருக்கேன். அதுவும் தென் அமெரிக்காவுல இருந்து வந்ததுதான், நம்ம ஊர் நத்தை கொறைஞ்சு போனப்ப இது எல்லா இடத்துலயும் பரவிடுச்சு.

விசாக தினம்னா புத்தர் பிறந்தநாள், அன்னைக்கு உயிர்கள வெளிய விட்டா புண்ணியம்னு நம்புறவங்க இருக்காங்க. அதுக்கு முந்தின வாரம் நான் கடையில இருந்தப்போ ஒரு ஆன்ட்டி வந்து ஐம்பது சின்ன மீன் கேட்டாங்க, எது மலிவோ அது போதும்னு. அங்கிள் எதுக்குன்னு கேட்டாரு, விடறதுக்குன்னாங்க. அவரு மாண்டரின்ல ரொம்ப நேரம் பொறுமையா பேசுனாரு, கோவமே இல்ல, தம்பி எனக்கு மெதுவா சொல்லிக்கிட்டே வந்தாரு. இந்த மீன் பண்ணையில பொறந்தது, தீனி கைல போட்டே வளந்தது, வெளிய போனா பெரும்பாலும் சீக்கிரமே செத்துடும், சாகாம பொழைக்கிறது அங்க இருக்குற மீன திங்கும், உயிர காப்பாத்த நெனச்சு ரெண்டு பக்கமும் உயிர் போகும்னு. சட்டமும் இருக்கு, அனுமதி இல்லாம விட்டா முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம் போடலாம், ஒவ்வொரு வருஷமும் விசாக சமயத்துல பூங்கா கழகத்து ஆளுங்களும் தொண்டூழியர்களும் நீர்த்தேக்கத்துல நின்னு சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா அங்கிள் அபராதத்த பத்தி கடைசியிலதான் சொன்னாரு. அந்த ஆன்ட்டி கொஞ்ச நேரம் பேசாம நின்னாங்க. அப்புறம் திரும்ப வந்த மீன்கள் இருக்குற தொட்டிய காட்டி, இதுக்கு தீனி வாங்கி குடுக்கட்டுமான்னு கேட்டு ரெண்டு டப்பா வாங்கி கடையிலயே குடுத்துட்டு போனாங்க. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, ஏன்னா அவங்க மனசும் என் மாமியார் மனசும் ஒண்ணுதான், அந்த இரக்கத்துக்கு சரியான வழி காட்ட ஒரு ஆள் கடையில இருந்தாரு.

இனி வாங்குறத பத்தி. சக்கர் போன பிறகு கப்பியும் வயசாகி போயிடுச்சு, அதே ரெண்டடி தொட்டிக்கு என்ன வைக்கலாம்னு கேட்டோம். ஹார்லெக்வின் ரஸ்போரா சொன்னாரு, ஆரஞ்சு உடம்புல பின்னாடி கறுப்பா ஒரு முக்கோணம், கட்டை விரல் அளவுக்கு மேல வளராது, கூட்டமாத்தான் சுத்தும். சிங்கப்பூர், மலேசியா, சுமத்ரா பக்கத்து மீன். பண்ணையில வளத்தது, ஒண்ணு ஒண்ணரை வெள்ளி, பத்து வாங்குனோம். பை கட்டும்போதே சொல்லிட்டாரு, நம்ம ஊர் மீன்தானேன்னு இதையும் கொண்டு போய் விட்டுடாத, பண்ணை மீனுக்கு பண்ணை நோய் இருக்கும், காட்டுல இருக்குறதுக்கு அத தாங்குற சக்தி இருக்காது, ரெண்டு இரத்தமும் கலக்க கூடாதுன்னு. பத்துல ஒண்ணு மூணாம் நாள் செத்துச்சு, போட்டோ காட்டுனேன், வேற ஒண்ணு குடுத்தாங்க, தொட்டி தண்ணி ஒரு பாட்டில்ல கொண்டு வர சொல்லி சோதிச்சும் பாத்தாங்க, அதுக்கு காசு வாங்கல. நம்ம குழாய் தண்ணியில கிருமி சாக போடுறது குளோரமைன், அது மீனுக்கு ஆகாது, ஒரு ராத்திரி வாளியில வச்சா போயிடும்னு எங்கம்மா காலத்துல இருந்து சொல்லுவாங்க, போகாது, கண்டிப்பா அத முறிக்கிற மருந்து ஊத்தணும்னு காட்டி குடுத்தாங்க. ஃபில்டர், லைட் எல்லாம் ஆன்லைன விட ரெண்டு மூணு வெள்ளி கூடதான். எனக்கு அது பெருசா தெரியல.

அரை மார்க் எதுக்கு கொறைச்சேன்னா, ஆமைய எடுக்க மாட்டாங்க. எங்க மாடியில ஒருத்தர் சிவப்பு காது ஆமை ரெண்டு வச்சிருக்காரு, அவரால முடியல, நான் கேட்டு பாத்தேன், இடம் இல்லன்னு கைய விரிச்சிட்டாங்க. இடம் இல்லாதது நெஜம்தான், ஆனா யாரையாவது கை காட்டி விட்டிருக்கலாம், எடுத்துக்கறதுக்கு ஆள் தேடறவங்க பட்டியல் ஒண்ணு மீனுக்கு வச்சிருக்குற மாதிரி ஆமைக்கும் வச்சா எவ்வளவு உதவியா இருக்கும், இத அங்கிள் கிட்டயும் சொல்லிட்டேன். பெரிய மீனுக்கு காத்திருக்கணும், ஒரு சமயம் ரெண்டு மூணுதான் எடுத்துக்குவாங்க, எனக்கு அன்னைக்கு இடம் இருந்தது அதிர்ஷ்டம், முன்னாடியே கேட்டுட்டு போங்க. கார்டு வாங்க மாட்டாங்க, பேநவ் (போன்ல காசு அனுப்புறது) இல்லன்னா ரொக்கம். தள்ளுவண்டியில குழந்தைய வச்சுக்கிட்டு உள்ள போகவே முடியாது, தரை எப்பவும் ஈரம், வயசானவங்கள கூட்டிட்டு போனா கைய பிடிச்சுக்குங்க. அங்கிள் மத்தியானம் சாப்பிட போயிட்டா தம்பி ஒருத்தர்தான், அப்போ போனா அரை மணி நேரம் ஆகும்.

போன மாசம் தம்பி வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்பினாரு. நம்ம சக்கர் இப்போ தெம்பனிஸ்ல ஒருத்தர் வீட்ல ஆறடி தொட்டியில இருக்கு, பெரிய மரக்கட்டை ஒண்ண கட்டிக்கிட்டு அதையே உறிஞ்சுக்கிட்டு இருக்கு, அப்புறம் கட்டைய விட்டுட்டு ஒரு நீள நீச்சல் அடிச்சு அந்த பக்கம் போய் திரும்புது. திரும்புதுங்க. அத என் மாமியார் கிட்ட காட்டுனேன், கண்ணாடிய போட்டுக்கிட்டு மூணு தடவ பாத்தாங்க. "ஏரியில விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"னு கேட்டாங்க, பாக்சிக் சொன்னது, சதுப்பு காடு, நண்டு எல்லாத்தையும் உக்காந்து சொன்னேன். இப்போ கீழ வாய்டு டெக்ல அவங்க கூட உக்காந்து பேசுற ரெண்டு பாட்டிங்களுக்கும் அவங்களே சொல்லிட்டாங்க போல, நேத்து ஒருத்தங்க மாடிக்கே வந்து, பேரனோட ஆஸ்கர் மீன் பெருசாயிடுச்சு, அந்த கடை எங்க இருக்குன்னு வழி கேட்டுட்டு போனாங்க.

செவ்வாய் லீவு. மத்த நாள் காலையில 11 மணிக்கு திறப்பாங்க, ராத்திரி 8 வரைக்கும். மீன கொண்டு போனா மூடி போட்ட வாளியில, வீட்டு தொட்டி தண்ணியே பாதிக்கு மேல ஊத்தி கொண்டு போங்க. சக்கரா இருந்தா வலை போடாதீங்க, டப்பா.